நாய் முடி, மாட்டு வால்முடி: நினைவு நகை செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

வளர்த்த நாய், பசுவின் முடியில் நினைவு நகை செய்து தரச் சொல்லி என்னிடம் முடி கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பாலிதீன் கவரில் கட்டித்தான் கொண்டு வருகிறார்கள். ஜவுளிக்கடைக் கவர், நாலு முடிச்சு, உள்ளே வியர்த்து ஒட்டிக் கிடக்கும் முடி. ஆனி, ஆடிச் சாரலில் நம்ம ஊரில் இப்படி ஒரு மாதம் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்: முடியைக் காகிதக் கவரில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் கவர் இதற்குத் தாராளம். டப்பா ஏன் என்றால், பட்டுச்சேலையை அரிக்கிற பூச்சிக் கூட்டத்துக்கு நாய் முடியும் ஒன்றுதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்கிறேன். படித்தது எங்கள் ஜிம்மியின் முடியில். ஜிம்மி நாட்டுநாய், செம்பட்டை, முடி இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அவன் இறந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எனக்கோ பொறுக்கவில்லை. மழைக்குள்ளேயே எபோக்சி ரெசினை (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) கலக்கி, வைத்திருந்த முடி மொத்தத்தையும் அதில் போட்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் மோரில் முக்கியது போல வெளுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. திரும்பச் செய்ய ஒரு முடி மிச்சமில்லை. அவன் படுத்த சாக்கை உதறித்தான் பதினைந்து இருபது முடி எடுத்தேன்.

அன்று முதல் வைத்திருக்கும் கணக்கு: கையில் உள்ளதை மூன்று பங்காக்கு, ஒரு பங்கை மட்டும் தொடு. அந்த ஒரு பங்கைத் தொடும் முன்னாலும், உயிரோடிருக்கும் வேறு நாயின் முடியில் அதே நகையை ஒருமுறை செய்து பார். பொன் போனால் உருக்கலாம், இது போனால் போனதுதான்.

எந்த முடி ஆகாது

ஆனைவால் மோதிரம் செய்து தருவீர்களா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. அந்தப் பக்கத்து ஆசைகளில் இதுவும் ஒன்று, இன்னும் விடவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. வால்முடியில் நகை செய்து விற்றால் சிறைவரை போகும். கோயில் யானைப் பாகன் தந்தது, கீரிப்பாறைக் காட்டுப் பக்கம் வேலியில் சிக்கியிருந்தது என்றெல்லாம் கதை சொல்லிக் கொண்டு வருவார்கள். வாங்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் மாட்டு முடியும் பிளாஸ்டிக் இழையும்தான் நிறைய; அதை ஆனைமுடி என்று சொல்லி விற்பதும் ஒரு பிழைப்பு. ரெசின் தடவப் பிரஷ் வாங்கும்போதும் கீரி முடிப் பிரஷ் வேண்டாம், அதுவும் இதே சட்டத்துக்குள் வரும். நைலான் போதும்.

வீட்டில் வளர்க்கும் நாய், பூனை, பசு, ஆடு, குதிரை இவற்றின் முடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நோய் பார்க்கவேண்டும். ஆடோ மாடோ திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்திருந்தால் அதை நெருங்கவே கூடாது, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். இப்படிக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமி முடியிலும் கம்பளியிலும் வித்தாக ஒளிந்து வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தக் காலத்தில் கம்பளி பிரிக்கும் தொழிலாளிகள் அதை மூச்சில் இழுத்தே செத்திருக்கிறார்கள். வெறிநோய்ச் சந்தேகம் உள்ள நாயிடமும் முடி எடுக்காதீர்கள். படர்தாமரை பிடித்த பூனையின் முடியும் வேண்டாம். பாசம் எல்லாம் சரிதான், கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவது நாம்.

எடுப்பது

உயிரோடிருக்கும்போதே எடுத்து வைப்பதுதான் நல்லது என்பேன். ‘அபசகுனம்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு மொட்டை போடுகிறோமே, அதில் சகுனம் பார்க்கிறோமா? சீப்பில் வாரும்போது வருவதைச் சேர்த்தாலே மூன்று மாதத்தில் ஒரு தீப்பெட்டி நிறையும். கத்தரிப்பதென்றால் நாய்க்கு வாலின் அடிப்பக்கமும் பின்தொடையும் பாருங்கள், உடம்பில் நீளமான முடி அங்கேதான். தோலை ஒட்ட வெட்டவேண்டாம். முதலில் நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே வெட்டினால் வேர்ப்பக்கம் எது, நுனி எது என்று குழம்பாது. பசுவுக்கு வால்குஞ்சம். ஒரு விரல் தடிமனுக்கு மேல் எடுக்கவேண்டாம், அதற்கு ஈ ஓட்ட வேறு வழி கிடையாது.

கழுவுவது

நகை கெடுவதெல்லாம் இங்கேதான் கெடுகிறது. முடியில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கும். மாட்டுக்கு அதோடு சாணம், வேப்பெண்ணெய், உண்ணிக்குப் போட்ட மருந்து. எண்ணெய் இருந்தால் ரெசின் பிடிக்காது. ஈரம் இருந்தால் வெளுக்கும்.

வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டு விட்டு, நூலால் கட்டிய முடியை அதில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். கசக்காதீர்கள், கசக்கினால் சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிடும். முடியை நேராகப் பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு விரலால் வழித்துவிடுங்கள். உதிர்முடியானால் டீ வடிகட்டியில் போட்டுத்தான் அலசவேண்டும், இல்லையென்றால் சாக்கடைக்குப் போய்விடும். நீர் தெளியும் வரை மாற்றுங்கள். மாட்டு வால்முடிக்கு ஐந்தாறு தடவை பிடிக்கும். அதன் பிறகு வெள்ளைத் துணியில் ஒற்றி, காகிதத்தில் பரப்பி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். மழைக்காலத்தில் அரிசிப் பானைக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைப்பேன், அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கும். சிலிக்கா ஜெல் இருந்தால் அதைவிட நல்லது. ஹேர் டிரையர் வேண்டாம். ஏன் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரியும், முடியைத் தேடி அறை முழுக்க முட்டிபோட்டு நடக்கவேண்டியிருக்கும்.

நீளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு, என்ன செய்யலாம் என்பதை அப்புறம் யோசியுங்கள். இணையத்தில் வரும் வெளிநாட்டு வழிமுறைகள் புசுபுசு நாய்களையும் குதிரை வாலையும் மனதில் வைத்துச் சொல்பவை. நம் நாட்டுநாய், ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் குட்டைமுடி. அதைப் பின்ன முடியாது, தனியாகத் திரட்டி உருண்டையாக்கவும் வராது. ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை உள்ள முடிக்குத் தாயத்து அல்லது ரெசின். பதினைந்துக்கு மேல் போனால் பின்னல். பெர்சியன் பூனை, பொமரேனியன் போன்றவற்றின் பஞ்சுமுடிக்கு உருட்டு மணி.

தாயத்து

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரெசின் வேண்டாம், பசை வேண்டாம், தோற்றுப்போனாலும் முடி போகாது. ஊர்த் தட்டானிடம் வெள்ளியில் ஒரு தாயத்துக்கூடு கேளுங்கள்: நீளம் மூன்று சென்டிமீட்டர், உள்விட்டம் ஐந்தாறு மில்லிமீட்டர், ஒரு மூடி பற்றவைத்தது, மறு மூடி மரை போட்டது. வடசேரியில் கோயில் நகை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. கெம்புக்கல் வைத்த தலைச்சாமான் செய்கிற கைக்கு இந்தக் குழாய் பொழுதுபோக்கு மாதிரி. ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: பற்றாசு வைத்து ஊதுகிற வேலை முழுக்க முடிந்து கூடு கைக்கு வந்த பிறகுதான் முடியை உள்ளே வைப்போம் என்று. முடியை வைத்துக்கொண்டு ‘இந்த வளையத்தை மட்டும் ஒட்டித் தாங்க’ என்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் நிமிடத்தில் கருகிவிடும். (பொடி வைத்து ஊதுவது என்று அவர்கள் சொல்வதும் இந்தப் பற்றவைப்பைத்தான். பொடி வைத்துப் பேசுவது அங்கிருந்து வந்தது என்பார்கள்.)

நல்ல வெயில் நாளில் உச்சிநேரத்தில் அடையுங்கள், அப்போதுதான் உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றில் ஈரம் குறைவு. முடியைக் கூட்டின் அளவுக்குத் திரட்டி இரண்டு இடத்தில் பட்டுநூலால் சுற்றிக் கட்டுங்கள். அடிக்கட்டின் நூலில் ஒரு வால் விட்டுவைத்தால் பிறகு வேண்டும்போது இழுத்து எடுக்கலாம். உள்ளே தள்ள ஊதுபத்திக் குச்சி சரியாக இருக்கும். மூடியைத் திருகிய பின் மரை விளிம்பில் உருகிய தேன்மெழுகு ஒரு சுற்று. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு கட்டி கிடைக்கும். மெழுகுவத்தி மெழுகு உதிர்ந்துவிடும், இது உதிராது.

போன வருஷம் பக்கத்து ஊர் அம்மச்சி ஒருத்தி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சின்னக் காகிதப் பொட்டலம் எடுத்தாள், உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக வால்முடி, மேலே கொஞ்சம் சாணம் காய்ந்திருந்தது. “எனக்க லெட்சுமிக்க முடி, மக்ளே. பத்துப் பதினாலு வருசம் பாலு தந்தவ. கரிச்சுக் கிரிச்சுப் போடாத, கேட்டியா.” தாயத்தைக் கொடுத்ததும் காதுப்பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். “சத்தம் ஒண்ணும் கேக்கல்லியே, உள்ள இருக்குதா?” சத்தம் கேட்டால்தான் தப்பு. கூட்டுக்குள் முடி இறுக்கமாக இருக்கவேண்டும், ஆடினால் நாளடைவில் தேய்ந்து பொடியாகும். திருகித் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் போட்டாள். அதன் பிறகு நான் யாருக்கு அடைத்தாலும் அவர்கள் கண் முன்னால்தான் அடைக்கிறேன்.

ரெசின்

முடி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பவர்களுக்கு. இரண்டு வகை உண்டு. இரண்டு பாட்டிலைக் கலக்கும் எபோக்சி. விளக்கிலோ வெயிலிலோ காட்டினால் இறுகும் யூவி ரெசின். இரண்டுக்கும் நைட்ரைல் கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். ‘ஒரு சொட்டுத்தானே’ என்று வெறுங்கையால் தொட்டுத் தொட்டுப் பழகினால் ஒருநாள் தோல் ஒவ்வாமை வரும். வந்தால் ஆயுசுக்கும் போகாது, தொழிலையே விடவேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் சின்னப் பதக்கத்துக்கு யூவி ரெசின் எடுங்கள். நகத்துக்கு நிறம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் 36 வாட் விளக்கு போதும். வெயிலிலும் இறுகும், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு நேரம் அதிகம் ஆகாது. அதற்குள்ள ஒரே சங்கடம், ஒளி போகாத இடம் இறுகாது. கறுப்பு முடியைக் கொத்தாக வைத்தால் மேலே கல் மாதிரி இருக்கும், அடியில் பச்சையாகவே நிற்கும். ஆகவே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அடுக்காகத்தான் போடவேண்டும்.

வேலை இப்படி. விளிம்பு உயர்ந்த வெள்ளிப் பதக்கச் சட்டம், அல்லது சிலிக்கான் அச்சு. அடியில் மெல்லிசாக ஒரு அடுக்கு ஊற்றி இறுக்குங்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் தாளில் ரெசின் இரண்டு சொட்டு விட்டு, முடியை அதில் போட்டுப் பல்குச்சியால் வாரிவிடுங்கள். முடிக்கு நடுவில் ஒளிந்திருக்கும் காற்று வெளியே வருவது இந்த இடத்தில்தான். காய்ந்த முடியை நேராக வைத்து மேலே ஊற்றினால் குமிழி முத்து முத்தாக நிற்கும், பிறகு எடுக்க வழியில்லை. நனைந்த முடியைத் தட்டார் சாமணத்தால் (சின்ன இடுக்கி) எடுத்துச் சட்டத்துக்குள் வையுங்கள். குட்டைமுடியை அடுக்க எனக்குப் பிடித்த முறை கோலம் போடுகிற முறை: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் பிடித்து, ஒரே திசையில் கோடு இழுத்தபடி விட்டுக்கொண்டே போவது. இதற்கு அடி அடுக்கின் மேல் ரெசினை மெல்லிசாகத் தடவி வைத்துக்கொள்ளவேண்டும். நாய் முதுகில் முடி படிந்திருப்பது போலவே வரும். இறுக்கி, அடுத்த அடுக்கு, மறுபடி இறுக்கி, கடைசியில் மேலே லேசாகக் குவிந்து நிற்கும்படி ஒரு அடுக்கு.

வெள்ளை முடிக்கு ஒரு எச்சரிக்கை. ரெசினுக்குள் போனதும் அது காணாமல் போய்விடும். முடிக்கும் எபோக்சிக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, அதனால் கண்ணுக்குப் பிரித்துக்காட்ட ஒன்றுமில்லை, ஈரத் துணி மாதிரி கண்ணாடியாகிவிடும். அடியில் கறுப்போ கருநீலமோ நிறம் கொடுத்தால் தெரியும். செம்பட்டை ஒரு படி கறுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘இது எங்க வீட்டு நாயே இல்லை’ என்பார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

பெரிய துண்டுக்கு எபோக்சி என்றால் கலவை அளவு பாட்டிலில் போட்டிருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு. எடைக்கணக்கா கனஅளவுக் கணக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து கிராமுக்குக் குறைவாகக் கலக்காதீர்கள், சின்ன அளவில் அரை கிராம் தப்பினாலே இறுகாது. பாத்திரத்தின் ஓரத்தை வழித்து வழித்து நான்கு நிமிடம் பைய கலக்குங்கள், முட்டை அடிப்பது போல அடித்தால் நுரைதான் மிஞ்சும். ஊற்றியதும் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி ஒருநாள் தொடாமல் விடுங்கள். மழை பெய்யும் நாளில் தொடங்கவே வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். ரெசின் வேலைக்கு அது இரண்டு மடங்கு விடுமுறை. நான் பெரிய துண்டுகளை மாசிக்கும் சித்திரைக்கும் ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

விளிம்பைத் தேய்க்கப் பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர், 400ஆம் நம்பரில் தொடங்கி 800, 1500, 2000 என்று. தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூசி மூச்சில் போகக்கூடாது. ஃபெவிக்விக்கை முடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி படிந்து முடி நரைத்தது போல ஆகிவிடும்.

பின்னலும் உருட்டு மணியும்

வால்முடியில் கைச்சங்கிலி பின்ன, முடியைப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஈரத்தோடு பின்னுங்கள். காய்ந்த வால்முடி முறுக்கிக்கொண்டு நிற்கும். பாதி முடியின் வேரும் மறுபாதியின் நுனியும் ஒரே பக்கம் வரும்படி மாற்றி அடுக்கினால் தடிமன் ஒரே சீராக வரும். நான்கு புரி உருண்டைப் பின்னல் தொடக்கத்துக்குப் போதும். தலைப்பை ஆணியில் கட்டி, நான்கு நுனியிலும் துணி காயப்போடும் கிளிப்பை எடையாகத் தொங்கவிட்டுப் பின்னுங்கள். மணிக்கட்டு அளவைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் வேண்டும். காய்ந்த பிறகு இரு முனையையும் நூலால் சுற்றி, அரால்டைட் பசை தொட்டு, முனையை மூடும் சின்ன வெள்ளிக் குப்பிக்குள் செருகுங்கள். ஸ்வீடனில் வோம்ஹூஸ் என்றொரு கிராமத்துப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் மனித முடியில் இதுபோல நகை பின்னியே ஊர் ஊராகப் போய்ப் பிழைத்திருக்கிறார்கள். ஓலைப்பெட்டி முடைகிற நம்ம ஊர்ப் பெண்களிடம் சொன்னால், இதிலென்ன பெரிய வித்தை என்பார்கள். உண்மையிலேயே அவர்களுக்கு அரை நாளில் வந்துவிடும்.

உருட்டு மணிக்கு, சீப்பில் வந்த பஞ்சுமுடி. சூடான சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, முதலில் பூப்போல, பிறகு எள்ளுருண்டை பிடிக்கிற அழுத்தத்தில் உள்ளங்கையில் பதினைந்து நிமிடம் உருட்டுங்கள். முடியின் மேல் இருக்கும் செதில்கள் சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிணையாமல் வழுக்கினால் செம்மறிக் கம்பளி பாதிக்குப் பாதி சேருங்கள். காய்ந்ததும் கோணி ஊசியால் துளைத்துக் கோக்கலாம்.

பிறகு

கவரிங் சட்டம், கவரிங் சங்கிலி வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். 92.5 வெள்ளியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கொடுங்கள். வெள்ளி கறுத்தால் வீட்டில் செய்கிறபடி திருநீறு போட்டுத் துடைக்கலாம், ரெசினில் மட்டும் படக்கூடாது, கீறல் விழும். குளிக்கும்போது கழற்றவேண்டும். தேங்காயெண்ணெய்த் தலையோடு பின்னல் சங்கிலியைப் போட்டுத் தூங்கக்கூடாது. தாயத்தின் மெழுகை வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி பிறக்கும் முன்னால் பார்த்து, விரிசல் இருந்தால் இன்னொரு சுற்று விடுங்கள்.

நகையைக் கொடுக்கும்போது மிச்ச இரண்டு பங்கு முடியையும் அந்தக் காகிதக் கவரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லெட்சுமியின் முடி மிச்சம் இப்போது அம்மச்சி வீட்டுக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் இருக்கிறது.